காலி ஃப்ரிட்ஜில் குளிர்

அந்த ஷெட்டில் அவருக்கு ‘வோல்ட்டு’ என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஊரெல்லையில் தகரக் கூரை போட்ட நீளமான ஷெட் அது. உள்ளே நாற்பது கேரவன்கள் வரிசையாக நிற்கும். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடுகள்: ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ், உட்கார்ந்தால் முட்டி சுவரில் இடிக்கும் ஒரு கழிப்பறை. மற்றவர்களுடையது வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் ஊர் சுற்றிவிட்டு மீதி நாளெல்லாம் ஷெட்டில் தூங்கும். வோல்ட்டுடையது அந்தப் பத்துப் பதினைந்து நாளும் சேர்த்துத் தூங்கியது. வாங்கி மூன்று வருடம் ஆகியும், கடையிலிருந்து ஷெட்டுக்கு வந்த பாதை தவிர வேறு சாலையை அதன் சக்கரம் பார்த்ததில்லை.

ஆனால் அதன் பேட்டரிக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, அடேயப்பா! ஞாயிறு தவறாமல் அவர் ஷெட்டுக்குப் போவார். கையில் மீட்டர், சட்டைப் பையில் சின்ன நோட்டு, தோளில் துண்டு. பேட்டரிப் பெட்டியைத் திறந்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துவிட்டு, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். பன்னிரண்டு புள்ளி ஆறுக்கு மேலே காட்டினால் முகம் மலரும். புள்ளி நான்கு என்றால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் பேச முடியாது. குளிர் மாதங்களில் அதைக் கழற்றி வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலுக்கடியில் மரப்பலகை போட்டு வைப்பார். மனைவிக்கு முழங்கால் வலி கண்டு இரண்டு வருடமாகிறது. அவள் தேய்க்கிற தைலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் பாட்டில் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஷெட்டில் யார் சிக்கினாலும் பிரசங்கம்தான்.

“வண்டி சும்மாதானே நிக்குதுன்னு நெனைக்கிறீங்க. ஓடுற வண்டி பேட்டரிய ஒன்னும் பண்ணாது சார். நிக்கிற வண்டிதான் தின்னும். கேஸ் கசிஞ்சா கத்துறதுக்கு ஒரு அலாரம் வெச்சிருக்கானே, அது ராத்திரி பகலா உறிஞ்சும். ரேடியோவுல கடிகாரம் இருக்கே, அது ஒரு பக்கம் உறிஞ்சும். இந்தச் சிவப்பு சுவிட்சத் திருகி எல்லாத்தையும் அறுத்து விட்டீங்களா, பொழச்சீங்க. மாசம் ஒருதரம் சார்ஜர்ல போடுங்க. தண்ணி பாருங்க. பேட்டரிய அடிமட்டம் வரைக்கும் காலியாக விட்டா செத்துடும் சார், அப்புறம் எழுப்புறதுக்கு நாலஞ்சு நாள் சார்ஜர்லயே கெடக்கணும்.”

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் சிரிப்பார்கள். சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை என்பதுதான் இதில் கொடுமை. நாற்பது வண்டியிலும் நல்ல பேட்டரி அவருடையதுதான். அது எங்கேயும் போகவில்லை, அவ்வளவுதான்.

மனுஷன் இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது, ஒரு புகார் கிடையாது. அதற்குக் கொடுத்த சான்றிதழ் கூடத்தில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. டிப்போவில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே தன் பஸ்ஸை ஒற்றைக் கையால் பின்னுக்கு விட்டு, இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்திய கதையை, வீட்டுக்கு வந்த பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

மனைவியை, வேலை பார்த்த ஹோட்டலில் ‘சூப்பர்வைசரம்மா’ என்பார்கள். கடற்கரையோரப் பெரிய ஹோட்டல் அது. முப்பத்தோரு வருடம். முதலில் ஒரு நாளைக்குப் பதினாறு படுக்கை விரித்தாள். பிறகு பதினாறு படுக்கை விரிக்கிற பெண்களை விரட்டினாள். விரிப்பின் ஓரத்தைப் பார்த்தே அதில் யாராவது உட்கார்ந்துவிட்டு எழுந்தார்களா என்று சொல்லிவிடுவாள். துண்டை இரண்டாக மடித்து வைத்தால் வந்தது வினை; மூன்றாகத்தான் மடிக்க வேண்டும். விரிப்பு சரியில்லை என்றால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். உருவிக் கீழே போட்டுவிட்டு, “மறுபடி” என்பாள். அவ்வளவுதான்.

அந்த ஹோட்டலில் எல்லா அறைக்கும் கடல் பார்த்த பால்கனி உண்டு. காலையில் விருந்தாளிகள் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் இவள் படுக்கை போடுவாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. முப்பத்தோரு வருடத்தில் இவள் கடலைப் பார்த்ததெல்லாம் போர்வையை உதறி விரிக்கிற அந்த இரண்டு விநாடிதான். அந்த நாற்காலியில் ஒரே ஒரு காலை உட்கார வேண்டும், பின்னால் வேறு யாராவது படுக்கை போட வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் கேரவன் வாங்கியதே அதற்குத்தான்.

முதல் வருடம் கடலோர முகாமில் இடம் பதிவு செய்து, பையெல்லாம் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்கள். பேட்டரி செத்துக் கிடந்தது. “கேஸ் அலாரம் குடிச்சிடுச்சு. சுவிட்ச அறுக்க மறந்துட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். அது நிஜமாகவே மறதிதான். இரண்டாம் வருடம் மறுபடி பதிவு, மறுபடி பை, மறுபடி செத்த பேட்டரி. “ரேடியோ கடிகாரம்” என்றார். பேட்டரி இல்லாமலே போய்விடலாமே என்றால் அதற்கும் பதில் தயாராக இருந்தது.

“போற வழியில கொக்கி கழண்டுடுச்சுன்னு வை. பின்னாடி வண்டிக்குத் தானா பிரேக் பிடிக்கணும். அந்தப் பிரேக்குக்குக் கரென்ட்டு பேட்டரியில இருந்துதான் வரணும். பேட்டரி இல்லாம ரோட்டுல எடுத்தா அது கொலை.”

அதுவும் உண்மைதான். மனுஷன் வாயிலிருந்து வருவதெல்லாம் உண்மை. வண்டிதான் நகராது.

மூன்றாம் வருடம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது, முழங்காலும் போய்விட்டது. அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. அதற்கப்புறம் ஆறு மாதம் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேரவனுக்கோ மூன்று படி. “அதுக்கப்புறம் எதுக்கு வண்டி? வித்துடலாம்” என்று வோல்ட்டு வேறு அக்கறையாகச் சொன்னார். இந்தச் சனிக்கிழமை போனால் உண்டு, இல்லாவிட்டால் அந்த நாற்காலி இந்த ஜென்மத்தில் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் சந்தேகப்பட்டது பேட்டரியைத்தான். இரண்டு தடவை காலை வாரியதை எப்படி நம்புவது? மூன்று வாரம் முன்பே, வீட்டில் மூச்சு விடாமல், புதிதாக ஒரு பேட்டரி வாங்கி ஷெட்காரரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தன் மேசைக்கடியில் வைத்து சார்ஜ் ஏற்றி வைத்தார். ஷெட்காரர் அதிகம் பேசாத மனிதர். ஆனால் அன்றைக்கு அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “பேட்டரி மேல தப்பில்லேன்னு நெனைக்கிறேன்மா” என்று மட்டும் சொன்னார். என்ன அர்த்தம் என்று கேட்டதற்குப் பேரேட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளே போய் வண்டியைச் சுத்தம் செய்தாள். விரிப்பை இழுத்து ஓரம் செருகினாள். காலி ஃப்ரிட்ஜின் கதவைச் சாத்தினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும் என்று, துண்டை மூன்றாக மடித்துக் கதவிடுக்கில் செருகித் திறந்தபடி வைத்தாள். மூன்று வருடப் பிரசங்கம் வீண் போகுமா? மீட்டரை எடுத்துத் தானே வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி ஏழு. சிவப்பு சுவிட்சைத் திருகி எல்லாத் தொடர்பையும் அறுத்தாள். கதவைப் பூட்டினாள்.

அன்று சாயங்காலம் வோல்ட்டு, “டயருக்குக் காத்து இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்” என்று ஷெட்டுக்குப் போனார். இருட்டுவதற்குள் வந்துவிட்டார். சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் ஷெட்டில் நின்றார்கள். வோல்ட்டு பேட்டரிப் பெட்டியைத் திறந்து, மீட்டரை வைத்து, கண்ணை மூடி, திறந்து, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார்.

“பத்து புள்ளி நாலு. போச்சு! என்னமோ உறிஞ்சுது பாரேன். இந்த வருஷமும் நமக்குக் கொடுத்து வெக்கல.”

சொன்ன குரலில் துக்கம் இருந்தது. அதை மீறி ஒரு நிம்மதியும் இருந்தது. அவள் காதில் விழுந்தது அந்த நிம்மதிதான். வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு மூன்று படியும் ஏறி உள்ளே போனாள்.

முதலில் படுக்கையைப் பார்த்தாள். விரிப்பின் ஓரம் தளர்ந்திருந்தது, நடுவில் ஒரு பள்ளம். கனமான ஆள், இடது பக்கம் சாய்ந்து உட்கார்கிற ஆள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். அடுத்து ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. துண்டு ஃப்ரிட்ஜின் தலைமேல் இருந்தது. இரண்டாக மடித்து.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரு தக்காளிகூடக் கிடையாது. ஆனால் ஜில்லென்று குளிர் முகத்தில் அடித்தது.

அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியிலேயே பேட்டரியை அதிகமாகத் தின்பது ஃப்ரிட்ஜ்தான், ஒரே ராத்திரியில் அடிமட்டம் வரை உறிஞ்சிவிடும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அட பாவி மனுஷா! கட்டிலுக்கடியில் பலகை போட்டு வளர்த்த பேட்டரியை இவரே கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார். போன வருடமும் இதே வேலையாகத்தான் இருக்கும்.

“என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க.”

வந்தார்.

“காலி ஃப்ரிட்ஜு எதுக்குங்க ஜில்லுன்னு இருக்கு?”

வோல்ட்டு முழித்த முழியைப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், மேலே கூரையைப் பார்த்தார். கேஸ் அலாரத்தின் மேல் பழி போடலாமா என்று ஒரு விநாடி யோசித்தது முகத்தில் தெரிந்தது.

“அது... ஓடுதான்னு சும்மா போட்டுப் பாத்தேன்...”

“நேத்து சாயங்காலம் சுவிட்சத் திருகி, ஃப்ரிட்ஜப் போட்டுட்டு, இந்தா, இதே எடத்துல உக்காந்திருந்தீங்க. காலையில ஒன்னும் தெரியாத மாதிரி மீட்டர வெச்சு, செத்துப்போச்சுன்னு ஒப்பாரி வெக்கிறீங்க. முப்பத்தோரு வருஷம் ஊரான் படுக்கையப் பாத்தவகிட்ட உங்க வேலையக் காட்டாதீங்க. என்கூட வரப் பிடிக்கலேன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? மூணு வருஷமா என்ன எதுக்குங்க பையக் கட்ட வெச்சீங்க?”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. அவருக்கு அது தாங்கவில்லை. அதே பள்ளத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“உன்கூட வரப் பிடிக்காம இல்லடி. ரிவர்ஸ் வர மாட்டேங்குது.”

“என்ன வர மாட்டேங்குது?”

“இந்த வண்டிய ரிவர்ஸ் எடுக்க வரல எனக்கு. பஸ்ஸுல ஸ்டியரிங்க வலது பக்கம் ஒடிச்சா பின்பக்கம் வலது பக்கம் போகும். இந்தச் சனியன் இடது பக்கம் போகுது. சரின்னு இடது பக்கம் ஒடிச்சா மடங்கிக்கிட்டு நிக்குது. வாங்கிட்டு வந்த அன்னிக்கு நீ வீட்டுல இருந்த. இந்த ஷெட்டுக்குள்ள விட ஒரு மணி நேரம் போராடினேன். அத்தன பேரும் வேடிக்க பாத்தானுங்க. கடைசியில என்னை எறங்கச் சொல்லி, கார அவுத்து விட்டுட்டு, ஆறு பேர் சேந்து கையால தள்ளி உள்ள விட்டாங்க. என் வண்டிய! கையால! முகாம்ல எல்லாரும் ரிவர்ஸ்லதான் விடணுமாம். சுத்தி நாற்காலி போட்டு உக்காந்து பாப்பானுங்களாம்.”

அவள் அவரையே பார்த்தாள். கூடத்தில் தொங்கும் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. ஒற்றைக் கை, ஒரு சாண் இடைவெளி, பால்காரர் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த மனுஷனின் வறட்டு கௌரவத்துக்கு அவளுடைய கடல் மூன்று வருடம் பலியாகியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே ஏழாவது ஆளாக நின்று தள்ளியிருப்பாள், அப்போது முழங்காலும் நன்றாக இருந்தது.

வாசலில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஷெட்காரர் ஒரு தள்ளுவண்டியில் புதுப் பேட்டரியை வைத்துக்கொண்டு நின்றார்.

“பன்னெண்டு புள்ளி எட்டு இருக்கும்மா. மாட்டிடலாமா?”

வோல்ட்டு அந்தப் பேட்டரியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இறங்கி மாட்டுங்க” என்றாள் சூப்பர்வைசரம்மா. “எடுத்துக்கிட்டுக் கெளம்புறோம்.”

வெளியே எடுப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, முன்பக்கம்தானே. நாலு மணி நேரச் சாலையில் வோல்ட்டு அருமையாக ஓட்டினார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் போட்ட பேச்சுக்கெல்லாம் “உம்” கூடக் கொட்டவில்லை. கடலோர முகாமின் வாசலை அவர் இரண்டு தடவை கவனிக்காதது போலத் தாண்டிப் போனார். மூன்றாவது தடவை அவள், “நான் இங்கயே எறங்கிக்கவா?” என்று கேட்டதும் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

அவர் பயந்தபடியேதான் எல்லாம் நடந்தது. சுற்றிலும் நாற்காலிகள் இருந்தன, நாற்காலிகளில் ஆட்களும் இருந்தார்கள். கேரவன் முதல் தடவை புதருக்குப் போனது, இரண்டாவது தடவை தண்ணீர்க் குழாய்க்குப் போனது, மூன்றாவது தடவை மடங்கிக்கொண்டு நின்றது. நாற்காலிக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்களைவிடச் சத்தமாகச் சூப்பர்வைசரம்மா சிரித்தாள். மூன்று வருடச் சிரிப்பு அது, அவளால் அடக்க முடியவில்லை. அப்புறம் நாற்காலிக்காரர்களே எழுந்து வந்து, காரை அவிழ்த்துவிட்டு, ஐந்து பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளி, கதவு கடலைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினார்கள். எண்ணி நாலு நிமிடம்.

தள்ளியவர்களில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “சார் என்ன வேலை பாத்தீங்க?”

“பஸ்ஸுல” என்றார் வோல்ட்டு.

“டிரைவரா?”

வோல்ட்டு ஒரு விநாடி கடலைப் பார்த்தார்.

“கண்டக்டர்.”

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவர் தெம்பாகிவிட்டார். அரைக்கால் சட்டைக்காரரின் பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, “நிக்கிற வண்டிதான் சார் தின்னும்” என்று ஆரம்பித்துவிட்டார். ஃப்ரிட்ஜ் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அவள் விழித்தபோது கதவிடுக்கு வழியாகவே கடல் சத்தம் வந்தது. தேநீர் போட்டுக்கொண்டாள். மடக்கு நாற்காலியைக் கதவுக்கு எதிரே போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. கடல் முழுசாக இருந்தது. ஓரம் வெட்டாமல், அவசரப்படுத்தாமல். ஒரு மடக்குக் குடித்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

வோல்ட்டு மீட்டரோடு வந்து நின்றார். “பன்னெண்டு புள்ளி அஞ்சு. ராத்திரி லைட்டுப் போட்டோம்ல. பரவால்ல, போகும்போது கார்லயே ஏறிடும்.”

“உள்ள போய்ப் படுக்கையப் போடுங்க.”

“நானா?”

அவள் இன்னொரு மடக்குக் குடித்தாள். அவர் உள்ளே போனார். போர்வை உதறும் சத்தம், முட்டி எதிலோ இடிக்கும் சத்தம், ஒரு முனகல். கொஞ்ச நேரம் கழித்து, “போட்டாச்சு” என்று குரல் வந்தது.

அவள் எழுந்தாள். ஒரு படியில் மட்டும் கால் வைத்து எட்டிப் பார்த்தாள். ஓரம் தொங்கியது, தலைப்பக்கம் கோணல், துண்டு இரண்டாக மடித்திருந்தது. கையை நீட்டி விரிப்பின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிக் கீழே போட்டாள்.

“மறுபடி.”

“நல்லாத்தானே இருந்துச்சு?”

“மூணு வருஷங்க” என்றாள் அவள். “இன்னும் ரெண்டு தடவ பாக்கி இருக்கு.”

அவர் குனிந்து விரிப்பை எடுத்து உதற ஆரம்பித்தார். அவள் நாற்காலிக்குத் திரும்பி, கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.